நான்காவது இசைத்தட்டுக்கு மட்டுமே விருது

ராயகிரியில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் அதை ஊருக்கு முதலில் அறிவிப்பது அழைப்பிதழ் அன்று, ரேடியோ செட்டுதான். விடிவதற்கு முன்பே பந்தற்காலில் குழாயைக் கட்டிவிடுவார்கள். மேற்கே மலை இன்னும் கறுத்துக் கிடக்கும்போதே பாட்டு எழும்பிவிடும். மணவீடு எந்தச் சமயத்தாருடையதாக இருந்தாலும் செட்டுக்காரர் ஒரு வரிசையை மாற்றுவதில்லை. முதலில் சீர்காழி கோவிந்தராசனின் பிள்ளையார் பாட்டு. அடுத்து நாகூர் ஹனீபாவின் 'இறைவனிடம் கையேந்துங்கள்'. மூன்றாவது ஒரு கிறிஸ்தவப் பாட்டு. இம்மூன்றும் முடிந்த பிறகே திரைப்படப் பாடல்கள். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. தெற்கத்திச் சீமையின் ஊர்கள் பலவற்றிலும் இவ்வழக்கம் தலைமுறைகளாக இருந்து வருகிறது. நம் சிறுபிராயத்தில் சுழலும் தட்டு, பிறகு ஒலிநாடா, பிறகு குறுந்தகடு. கருவி மாறியது, வரிசை மாறவில்லை.

இந்த வரிசையில் நாம் நெடுநாள் கவனிக்காத ஒன்று உண்டு. முதல் மூன்று பாட்டுகளும் திரைப்படத்துக்கு வெளியே பிறந்தவை. இசைத்தட்டுக்காகவே எழுதி, இசைத்தட்டுக்காகவே மெட்டமைத்து, இசைத்தட்டின் வழியாகவே ஊரை அடைந்தவை. நான்காவதிலிருந்துதான் திரை தொடங்குகிறது. நம் நாட்டின் தேசிய இசை விருதும் அந்த நான்காவது பாட்டிலிருந்துதான் தொடங்குகிறது! ஊர் முதலிடம் கொடுத்து ஒலிக்கச் செய்யும் மூன்றையும் கேட்பதற்கு அந்த விருதுக்குக் காது இல்லை. இதைப் பற்றியே நாம் எழுத முனைகிறோம்.

இந்திய அரசு 1954ஆம் ஆண்டிலிருந்து தேசியத் திரைப்பட விருதுகளை வழங்கி வருகிறது. இசையமைப்புக்கென்று தனி விருது அதில் சேர்ந்தது 1967ஆம் ஆண்டின் படங்களுக்கு. முதல் விருதே தமிழுக்கு வந்தது. 'கந்தன் கருணை'க்காகக் கே. வி. மகாதேவன் பெற்றார். பிற்காலத்தில் இதே விருதை ஏழு முறை பெறப்போகிற ஒரு குழந்தை அந்த 1967 ஜனவரியில்தான் சென்னையில் பிறந்தது என்பதை நினைத்தால் சுவையாக இருக்கிறது. பட்டியலைப் புரட்டினால் வியப்பும் உண்டு, வேதனையும் உண்டு. இளையராஜா 'சாகர சங்கமம்', 'சிந்து பைரவி', 'ருத்ரவீணா' ஆகிய படங்களுக்காக மும்முறை பெற்றார்; பின்னணி இசைக்கென்று தனி விருது வந்தபின் மேலும் இரு முறை பெற்றார். மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதனோ ஒரு முறையும் பெறவில்லை. தமிழகத்தின் வீடுதோறும் அரை நூற்றாண்டு குடியிருந்த ஒரு மனிதரை ஒரு பட்டியல் தவற விட்டிருக்கிறது என்றால், குறை மனிதரிடம் இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

நம் சமுதாயத்தின் வீடுகளில் இவ்விருது பற்றிய பேச்சு சூடு பிடித்தது 'ரோஜா'வுக்குப் பிறகு. ஏ. ஆர். ரஹ்மான் என்ற பெயரைச் செய்தித்தாளில் கண்டபோது கடையநல்லூரிலும் புளியங்குடியிலும் தேநீர்க் கடைகளில் எழுந்த மகிழ்ச்சியை நாம் நேரில் அறிவோம். "நம்ம பிள்ளை" என்றார்கள். அந்த மகிழ்ச்சியில் நமக்கும் பங்கு உண்டு. போதாக்குறைக்கு அந்தப் படத்தின் கதாநாயகிக்கு ஊராகச் சொல்லப்பட்டதும் தென்காசிக்குப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரம். வீட்டுப் பிள்ளைக்கு வீட்டுப் பக்கத்திலேயே பரிசு கிடைத்ததுபோல் இருந்தது. ஆனால் மகிழ்ச்சி வேறு, மதிப்பீடு வேறு. அந்த ஆண்டின் விருதைச் சற்று நின்று பார்ப்பது நம் கேள்விக்கு வழிகாட்டும்.

1992ஆம் ஆண்டின் படங்களுக்கான அந்த விருதில் 'ரோஜா'வுக்கு எதிரே நின்றது 'தேவர் மகன்'. நடுவர்களின் வாக்குகள் இரண்டுக்கும் சமமாக விழ, தலைவராக இருந்த பாலு மகேந்திராவின் வாக்கே தீர்ப்பாயிற்று என்பது பலரும் அறிந்த செய்தி. 'மூடுபனி'யிலிருந்து தம் படங்களுக்கு இளையராஜாவையே நாடி வந்த இயக்குநர் அவர். அவருடைய வாக்கு முதற்படக்காரருக்கு விழுந்தது. நட்பு ஒரு பக்கம், நடுவர் நாற்காலி ஒரு பக்கம் என்று நின்ற அந்தப் பண்பை நாம் மதிக்கிறோம்.

வாக்குகள் சமமாக விழுந்ததன் காரணமே நமக்கு முக்கியம். அந்த நடுவர்கள் ஒரே பொருளை இரண்டு தராசில் நிறுத்தார்கள் என்பது நம் எண்ணம். 'ரோஜா'வின் பாடல்களைப் படம் பார்க்காத ஒருவர் வீட்டில் உட்கார்ந்து கேட்கலாம்; ஒன்றும் குறையாது. தம் வீட்டின் பின்புறம் அமைத்த சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓர் இளைஞர் கணிப்பொறியையும் இசைக்கோவைக் கருவிகளையும் வைத்து ஒலியை அடுக்கடுக்காகக் கட்டியிருந்தார். தாழ்ந்த சுருதியின் அதிர்வு அதுவரை தமிழ்ப் பாட்டில் அவ்வளவு தெளிவாக நம் காதுக்கு வந்ததில்லை. மின்மினியின் குரலைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் விட்டிருக்கிறார் என்று கவனித்தால் அந்த இசையின் நுட்பம் புலப்படும். நிரப்புவதே இசை என்றிருந்த காலத்தில் விட்டுவைப்பதும் இசை என்று காட்டியது அது. 'ரோஜா' ஓர் இசைத்தட்டாகவே முழுமை பெற்றது.

'தேவர் மகன்' அப்படியன்று. எஸ். ஜானகிக்கு அதே ஆண்டு பாடகி விருதைத் தேடித் தந்த 'இஞ்சி இடுப்பழகி'யை எடுத்துக்கொள்வோம். கணவன் பாடச் சொல்ல, வெட்கத்தில் திணறித் திணறி ஒரு புதுமணப்பெண் பாடுகிற பாட்டு அது. அந்தத் திணறலைப் படத்துக்குள் பார்த்தவருக்குத்தான் அந்த மெட்டின் எளிமை ஏன் அப்படி எளிமையாக இருக்கிறது என்று விளங்கும். அங்கே இசை காட்சியின் தசையோடு தசையாக ஒட்டியிருக்கிறது. பிரித்து எடுத்தால் இரத்தம் வரும். வீட்டில் கேட்கும் தட்டுக்குப் பரிசென்றால் 'ரோஜா'. திரைக்குள் இசை செய்யும் வேலைக்குப் பரிசென்றால் 'தேவர் மகன்'. எதற்குப் பரிசு என்று விருதே தெளிவாகச் சொல்லாதபோது நடுவர்கள் என் செய்வார்கள்? சம வாக்குகள் விழுந்ததில் வியப்பில்லை.

இந்தக் குழப்பத்தை அரசு பதினேழு ஆண்டுகள் கழித்து உணர்ந்தது. 2009ஆம் ஆண்டின் படங்களிலிருந்து பாடல்களுக்கு ஒன்று, பின்னணி இசைக்கு ஒன்று என்று விருது இரண்டாகப் பிரிந்தது. அந்த முதலாண்டில் பாடல்களுக்காக 'தேவ் டி' படத்தின் அமித் திரிவேதியும், பின்னணி இசைக்காக 'பழசிராஜா'வின் இளையராஜாவும் பெற்றார்கள். 2017க்கு இரண்டையுமே ரஹ்மான் பெற்றார். 'காற்று வெளியிடை' பாடல்களுக்கு, 'மாம்' பின்னணிக்கு. பாடல்களுக்கான விருது தனித்து நின்றதும் அது பெயரில் என்னவாக இருந்தாலும் நடைமுறையில் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான விருதாகிவிட்டது. ஒரு படத்தின் ஐந்தாறு பாடல்களை ஒரு தொகுதியாக வைத்து எடை போடுகிறார்கள். நல்லது. ஆனால் தொகுப்பைத்தான் எடை போடுகிறோம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அந்தத் தொகுப்போடு ஒரு படமும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதற்கு?

நிபந்தனையின் விளைவைச் சில ஆண்டுகளை எடுத்து வைத்தே காட்டலாம். 1986இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' என்ற தொகுப்பை வெளியிட்டார். தியாகராஜரையும் ஜெர்மானியப் பாக்கையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்த முயற்சி. சில இடங்களில் இருவரும் உரையாடுகிறார்கள். சில இடங்களில் அருகருகே அமர்ந்து அவரவர் பேச்சைப் பேசுகிறார்கள் என்பது நம் கருத்து. எப்படியாயினும் அதுபோன்ற ஒன்று அதற்கு முன் தமிழ்நாட்டில் இசைத்தட்டாக வந்ததில்லை. அந்த ஆண்டின் தேசிய விருது 'மத்வாசார்யா' என்ற கன்னடப் படத்துக்காகப் பாலமுரளிகிருஷ்ணாவுக்குப் போயிற்று. 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு இளையராஜா 'நத்திங் பட் விண்ட்' தந்தார். அந்த ஆண்டு அவருக்கே விருது கிடைத்தது, 'ருத்ரவீணா' என்ற தெலுங்குப் படத்துக்கு! ஒரே மனிதரின் ஒரே ஆண்டின் இரண்டு படைப்புகளில் ஒன்றைச் சபைக்கு அழைத்து மற்றொன்றை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். 1997இல் ரஹ்மானின் 'வந்தே மாதரம்' தொகுப்பு நாடெங்கும் ஒலித்தது. நாட்டின் சுதந்திரப் பொன்விழாவையே கருப்பொருளாகக் கொண்ட தொகுப்பு. அதை எடைபோட நாட்டின் தேசிய விருதில் ஒரு மூலை இல்லை. அவ்வாண்டு விருதைக் கீரவாணி 'அன்னமய்யா'வுக்காகப் பெற்றார். விருது பெற்றவர்கள் தகுதியற்றவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. போட்டிக்கே வர இயலாதவர்களைப் பற்றிப் பேசுகிறோம்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். 'ரோஜா'வுக்கு முன், திலீப் என்று அறியப்பட்ட நாட்களில் ரஹ்மான் இசையமைத்த தொகுப்புகளுள் ஒன்று 'தீன் இசை மாலை'. தமிழில் அமைந்த இஸ்லாமியப் பக்திப் பாடல்கள். ரஹ்மானின் விருதுகளை விரல் விட்டு எண்ணும் நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? திரைக்குள் வந்தபின் அவர் செய்த 'க்வாஜா' பாட்டு, 2008இன் 'ஜோதா அக்பர்' படத்தில் இருந்த காரணத்தால், உருது அறியாத ராயகிரியின் சந்துகளிலும் ஒலித்தது. தமிழிலேயே, நம் தீனைப் பற்றியே, அதே கை செய்த தொகுப்பு படமொன்று பக்கத்தில் இல்லாத காரணத்தால் காதோடு காதாகப் போயிற்று. 'ரோஜா'வின் துல்லியத்தை எதிர்பார்த்து அதைக் கேட்பவர் ஏமாறக்கூடும். தொடக்க காலத்துக் கை அது. ஆனால் ஒரு கலைஞரின் முதற்படியைக் காணாமல் உச்சிப்படியை மட்டும் புகழ்வது இரசனை ஆகாது.

இசைக்கு நாட்டில் வேறு விருதே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. சங்கீத நாடக அகாதெமி இருக்கிறது. மாநில அரசின் கலைமாமணி இருக்கிறது. பத்ம விருதுகள் இருக்கின்றன. இவையெல்லாம் ஆளுக்குத் தரப்படுபவை. ஒருவர் பல்லாண்டு பாடினார், வாசித்தார் என்பதற்காகத் தோளில் போர்த்தும் பொன்னாடைகள். ஒரு குறிப்பிட்ட படைப்பை எடுத்து வைத்துக்கொண்டு, இது ஏன் சிறந்தது, இதில் எது குறை என்று எடை போடுபவை அல்ல. இலக்கியத்துக்கு அந்த நிலை இல்லை என்பதைப் பாருங்கள். சாகித்திய அகாதெமி 1955 முதல் ஆண்டுதோறும் ஒவ்வொரு மொழியிலும் ஒரு நூலைத் தேர்ந்து பரிசளிக்கிறது. தமிழில் முதற்பரிசு நம் நெல்லைச் சீமையின் ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்ப'த்துக்கு. 1997இல் தோப்பில் முகம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'க்கு. 1999இல் கவிக்கோ அப்துல் ரகுமானின் 'ஆலாபனை'க்கு. பரிசு கிடைத்தபின் 'சாய்வு நாற்காலி'யைப் புகழ்ந்தோரும் உண்டு, கடிந்தோரும் உண்டு. நம் வீடுகளில் அதுவரை நாவலே படிக்காதவர்கள் வாங்கிப் படித்தார்கள். அதுவன்றோ பயன்! ஒரு தமிழ் முஸ்லிம் எழுத்தாளர் நூல் எழுதினால் அந்நூலுக்கு நாடு ஒரு நாற்காலி போடுகிறது. அதே கவிஞர் பாட்டெழுதி, ஒருவர் மெட்டமைத்து, ஒருவர் பாடி இசைத்தொகுப்பாக வெளியிட்டால் நாற்காலி இல்லை, பாய்கூட இல்லை.

இசைத்தட்டையும் நூலைப்போல நடத்துவது ஆகாத காரியம் அன்று. பிரிட்டனில் மெர்க்குரி பரிசு என்று ஒன்று இருக்கிறது. தொடங்கியது 1992இல், நம் 'ரோஜா'வின் ஆண்டு. பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு எது என்பதுதான் அதன் ஒரே கேள்வி. பாடகர் புகழ் பெற்றவரா, தட்டு எவ்வளவு விற்றது, எந்த வகை இசை என்பவற்றையெல்லாம் ஒதுக்கி வைத்து, பன்னிரண்டு தொகுப்புகளைப் பட்டியலிட்டு, நடுவர்கள் கேட்டு விவாதித்து ஒன்றைத் தேர்கிறார்கள். 1999இல் தபேலாக் கலைஞர் தல்வின் சிங்கின் தொகுப்பு வென்றது. நமக்கு இன்னும் நெருக்கமானது 2001ஆம் ஆண்டின் பட்டியல். அதில் தஞ்சையைப் பூர்விகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தில் இலண்டனில் பிறந்த சுசீலா இராமனின் 'சால்ட் ரெய்ன்' இடம் பெற்றது. தியாகராஜரின் 'நகுமோமு'வும் ஆங்கிலப் பாடல்களும் ஒரே தட்டில். கர்நாடக இசையின் கணக்கு வழக்கைக் கொண்டு அளந்தால் அவர் பாட்டில் கமகம் குறைவு, சாகித்தியத்தின் உச்சரிப்பிலும் நெகிழ்ச்சி உண்டு. நம் சபாக்காரர்கள் அரை நிமிடத்தில் எழுந்து போயிருப்பார்கள். அதை ஒரு தொகுப்பாக, தொடக்கம் முதல் முடிவு வரை கேட்டவர்களுக்கோ, இரண்டு ஊர்களுக்கு நடுவே வளர்ந்த ஒரு பெண் குரலின் ஏக்கம் கேட்டது. அவ்வாண்டு பரிசு பி. ஜே. ஹார்விக்குப் போயிற்று. போகட்டும். பன்னிரண்டில் ஒன்றாக இருந்ததே அந்தத் தட்டை ஆயிரமாயிரம் புதுக்காதுகளுக்குக் கொண்டு சேர்த்தது. அதே சுசீலா பிற்பாடு முருகன் பாடல்களை 'வேல்' என்ற தொகுப்பிலும், பாகிஸ்தானின் ரிஸ்வான் முஅஸ்ஸம் கவ்வாலிக் குழுவினரோடு 2014இல் 'குவீன் பிட்வீன்' என்ற தொகுப்பிலும் பாடினார். ராயகிரிச் செட்டுக்காரரின் வரிசை இலண்டன் வரை போயிருக்கிறது என்று நாம் சிரித்துக்கொண்டோம்.

மெர்க்குரிப் பரிசிலும் குறைகள் உண்டு. போட்டிக்குத் தட்டை அனுப்பக் கட்டணம் வாங்குகிறார்கள். கையில் காசில்லாத சிறு வெளியீட்டாளருக்கு அது ஒரு தடை. நாட்டுப்புற இசைக்கும் ஜாஸுக்கும் பட்டியலில் ஓரிடம் கொடுத்துவிட்டுப் பரிசை வேறெங்கோ தருவது வழக்கமாகிவிட்டது என்ற புகாரும் நியாயமானதே. இவற்றையெல்லாம் சேர்த்து எண்ணினாலும், கேட்பதையே வேலையாகக் கொண்ட ஒரு சபை ஆண்டுக்கொருமுறை கூடுகிறது என்ற நன்மை மிஞ்சுகிறது.

நமக்கு அப்படியொரு சபை இருந்திருந்தால் இசைமுரசு ஹனீபாவின் தட்டுகளைப் பற்றி என்ன சொல்லியிருக்கும்? 1925இல் பிறந்து 2015இல் மறைந்தவர். அரை நூற்றாண்டுக்கு மேல் பாடியவர். திரையில் அவர் பாடியது சிலவே. 1961இன் 'பாவமன்னிப்பு' படத்தில் டி. எம். சௌந்தரராசனோடு பாடியது அவற்றுள் எல்லோரும் அறிந்தது. அவருடைய சாம்ராஜ்யம் திரைக்கு வெளியே இருந்தது. குரல் பற்றி ஒரு சொல்: ஒலிபெருக்கியை நம்பாத குரல் அது. மேல் சுருதியில் நின்று அசையாமல் சொல்லைச் சொல்லாகவே எறியும். ழகரமும் ளகரமும் அவர் வாயில் பிசகியதில்லை. தேவைக்கு மேல் சங்கதி போட்டுச் சொல்லைக் குலைக்க மாட்டார். பாமரரும் ஒரு முறை கேட்டுத் திருப்பிப் பாடும்படி இருந்ததே அதன் வெற்றி. குறையும் உண்டு; இதைச் சொன்னால் நம்மிற் சிலர் முகம் சுளிப்பர். துயரத்தைப் பாடினாலும் மகிழ்ச்சியைப் பாடினாலும் குரலின் முழக்கம் ஒன்றேயாக இருக்கும். இரகசியமாய் இறைவனிடம் முறையிடும் வரியையும் பொதுக்கூட்டத்தில் முழங்குவது போலவே பாடிய இடங்கள் உண்டு.

இதைவிடப் பெரிய குறை ஹனீபாவின் தலையில் மட்டும் விழுவதன்று. நம் இஸ்லாமிய இசைப்பாடல்களில் கணிசமானவை இந்தி, தமிழ்த் திரைப்படங்களின் மெட்டுகளில் அமைந்தவை. ஊரறிந்த மெட்டில் தீனின் சொல்லை ஏற்றினால் விரைவில் பரவும் என்பது வெளியிட்டவர்களின் கணக்கு. பரவியதும் உண்மை. ஆனால் பாட்டைக் கேட்டவுடன் மனக்கண்ணில் வேறொரு காட்சி ஓடினால் அது யாருக்கு வெற்றி? தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய பீர்முகம்மது அப்பாவின் 'ஞானப்புகழ்ச்சி'யை ஆண்டுதோறும் தக்கலையில் இரவெல்லாம் கூடிப் பாடுகிறார்களே, அந்த மெட்டு எந்தப் படத்திலிருந்து வந்தது? நோன்பு நாட்களில் சஹருக்கு எழுப்ப வரும் பாவாவின் தாயிராத் தாளம் எந்த இசையமைப்பாளரிடம் கடன் வாங்கியது? குணங்குடியாரின் பாடல்களுக்கு மெட்டுத் தேடிச் சினிமாக் கொட்டகைக்கா போனோம்? சொந்த வீட்டில் செல்வம் இருக்க அண்டை வீட்டில் கைமாற்று வாங்கியதை யாராவது தடுத்துக் கேட்டிருந்தால் நம் இசைத்தட்டுகளின் வரலாறு வேறாக இருந்திருக்கும். கேட்பவர் இல்லை. பாடகர் மேடையேறினால் பொன்னாடை போர்த்தினோம், பட்டம் கொடுத்தோம், பணமுடிப்புத் தந்தோம். இந்த ஆண்டில் வந்த தட்டுகளில் எது சிறந்தது, ஏன் என்று ஒருநாளும் பேசியதில்லை. அரசின் விருதில் இடமில்லை என்று குறை கூறும் நாம் நமக்குள்ளாவது ஒரு பட்டியல் போட்டோமா?

இசையே மார்க்கத்தில் ஆகுமா, இசைக்கருவிகள் ஆகுமா என்ற வினா சிலருக்கு எழும். ஆலிம்கள் பேசவேண்டிய விவாதம் அது. அதற்குள் நாம் இறங்கவில்லை. கல்யாண வீட்டிலும் கந்தூரியிலும் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஒன்றை நன்றாகச் செய்தார்களா என்று கேட்பதே நம் வேலை.

பட்டியல் இல்லாததால் நேர்ந்த இழப்பு என்ன என்பதை நாம் உணர்ந்தது ஓர் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில். செட்டுக்காரர் நமக்குச் சிறுவயது முதலே பழக்கம். நம் சமுதாயத்தவர் அல்லர். ஆனால் நம் பாடல்களை நம்மைவிட அதிகமுறை கேட்டவர். ஒரு பாட்டு ஓடியது, அருமையான வரிகள். "எழுதினது யாருண்ணே?" என்று கேட்டோம். அவர் தம் தகரப் பெட்டியைத் திறந்து பழைய ஒலிநாடாவின் அட்டையை எடுத்துக் கொடுத்தார். "நீங்களே பாருங்க பாய். இதுல பாடுனவரு படம்தான் போட்டிருக்கு." உண்மைதான். அட்டையில் பாடகரின் படம், ஒரு பள்ளிவாசலின் மினாரா, ரோஜாப்பூ ஒன்று. உள்ளே மடிப்பில் பாட்டுகளின் முதலடிகள். இயற்றியவர் பெயர் இல்லை, இசையமைத்தவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. வெளியிட்ட நிறுவனத்தின் பெயரும் விலையும் மட்டும் தெளிவாக இருந்தன! ஆண்டுதோறும் தொகுப்புகளைத் திரட்டிக் கேட்கும் ஒரு பரிசு இருந்திருந்தால், போட்டிக்கு அனுப்புவதற்காகவாவது இந்தப் பெயர்களை அச்சிட்டிருப்பார்கள். எழுதியவரின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த அட்டையைக் காட்டி, இது எங்கள் அப்பா பாட்டு என்று சொல்லியிருப்பார்கள்.

அந்தச் செட்டுக்காரரிடம் இப்போது தகரப்பெட்டியும் இல்லை. சுண்டுவிரல் அளவுள்ள ஒரு பென் டிரைவில் எல்லாப் பாட்டும் அடங்கிவிட்டது. வரிசை மட்டும் பழைய வரிசைதான். முதல் மூன்றும் அப்படியே. பெட்டியின் சிறு கண்ணாடித் திரையில் பாட்டின் பெயர் வர வேண்டிய இடத்தில் 'டிராக் 02' என்று வருகிறது. முன்பு பாடகரின் பெயராவது மிஞ்சியது. இப்போது அதுவும் போயிற்று.

ஆகவே நாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். தொகுப்பின் பெயர், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர், ஆண்டு என்று ஐந்து பத்திகள். முதல் இரண்டும் ஓரளவு நிரம்பிவிட்டன. பின் மூன்றும் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கின்றன. கடையநல்லூரிலும் பொட்டல்புதூரிலும் காயல்பட்டினத்திலும் நாகூரிலும் வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டுகளோ ஒலிநாடாக்களோ உறையோடு வைத்திருக்கும் குடும்பத்தினர், உறையில் உள்ளதை உள்ளபடி ஓர் அஞ்சலட்டையில் எழுதி இவ்விதழின் முகவரிக்கு அனுப்பினால் போதும். உறை கிழிந்திருந்தாலும், மிஞ்சியிருக்கும் எழுத்துகளை அப்படியே எழுதுங்கள்.